பெரியாரின் கேள்விக்கு நாம் சொல்ல வேண்டிய பதில்

1973 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தந்தை பெரியார் தமது 94ஆம் வயதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காலமானார். வாழ்நாளெல்லாம் கடவுள் மறுப்பைப் பேசியவர் கடைசியில் ஒரு கிறிஸ்தவ மருத்துவமனைக்குத்தானே வந்தார் என்று, ஏதோ வாதத்தில் வென்றுவிட்டதைப் போல நம்மவர் சிலர் சொல்லிக்காட்டுவதை எங்கள் ஊரிலேயே கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுவது நியாயமும் ஆகாது, அன்பும் ஆகாது. 1900இல் மிஷனரி மருத்துவரான ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அந்தப் பணி, நோயாளியின் நம்பிக்கையை விசாரித்து மருந்து கொடுப்பதற்காக ஏற்பட்டதன்று. அங்கே கிடைக்கும் சிகிச்சை கிறிஸ்துவின் அன்புக்குச் சாட்சியாகலாம். தேவன் உண்டு என்பதற்கு அது நிரூபணமாகாது.

நாம் பதில் சொல்ல வேண்டியது, சாதிக் கொடுமைக்குக் காவலாக நிற்கும் கடவுள் எதற்கு என்று அவர் விட்டுச்சென்ற கேள்விக்கு. ஆனால் நம் வாலிபர் கூட்டங்களில் இப்போது கற்றுக்கொடுக்கப்படும் பதில்களில் பெரும்பாலானவை மேல்நாட்டு நாத்திகர்களை மனத்தில் வைத்து உருவானவை. "எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்றால் கடவுளைப் படைத்தது யார்?" என்பதற்கான பதில் எல்லோருக்கும் மனப்பாடம். காரணம் தேவைப்படுவது தோன்றி மறையும் பொருள்களுக்கே, தானாகவே என்றென்றும் இருக்கிறவருக்கு அந்தக் கேள்வி பொருந்தாது என்கிற அந்தப் பதில் சரியானதுதான். பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்ற அறிவியலைச் சான்றாகக் காட்டுவோர் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்க குரு; ஆயினும் 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைப் படைப்புக்கு ஆதாரமாகப் பேசியபோது, அதை விரும்பாதவரும் அந்த லெமெத்ரே. மாறக்கூடிய ஓர் அறிவியல் கோட்பாட்டின்மேல் விசுவாசத்தின் முழுப் பாரத்தையும் ஏற்றிவைக்க அவர் ஒப்பவில்லை.

தமிழ்நாட்டு நாத்திகரின் முதல் கேள்வி பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றியதன்று. பிறப்பால் ஒருவனை உயர்த்தி இன்னொருவனைத் தாழ்த்தும் ஏற்பாட்டுக்குக் கடவுளின் பெயர் காவலாக நிற்கிறது, ஆகவே அந்தப் பெயரையே ஒழிக்க வேண்டும் என்பதே பெரியாரின் வாதத்தின் உயிர். "கடவுளை மற, மனிதனை நினை" என்பதில் இருக்கும் கோபம் நீதியைப் பற்றிய கோபம். விவிலியத்தை வாசிக்கிறவனுக்கு அந்தக் கோபம் அந்நியமானதாக இருக்க முடியாது. நியாயம் செய்யாத ஜனங்களின் பண்டிகைகளையும் பாட்டுகளையும் தாம் வெறுப்பதாகத் தேவனே சொல்வதை ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஐந்தாம் அதிகாரத்தில் காண்கிறோம்.

இங்கிருந்துதான் நம் பதில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். தீண்டாமை ஒரு கொடுமை என்று பகுத்தறிவாளர் சொல்லும்போது, அது தமக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஊர் முழுவதும் அதை ஏற்றாலும், சட்டமே அனுமதித்தாலும், ஆயிரம் ஆண்டுகள் வழக்கத்தில் இருந்தாலும் அது தவறுதான் என்கிறார். ஊருக்கும் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் மேலாக நின்று அவற்றைத் தீர்ப்பிடும் அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? கூடி வாழ்ந்த உயிரினங்களிடம் பரிணாமத்தின் வழியே ஒழுக்க உணர்வு வளர்ந்தது என்பார்கள். அந்த உணர்வு நமக்குள் எப்படி ஏற்பட்டது என்பதை அது விளக்கலாம். அதற்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பதை விளக்குவதில்லை. தன் கூட்டத்தைக் காத்துப் பிற கூட்டத்தை ஒதுக்கும் உணர்வும் அதே பரிணாமத்தில் வளர்ந்ததுதானே. ஒவ்வொரு மனிதனும் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்ற ஆதியாகமத்தின் வார்த்தையில் அந்த அளவுகோலுக்கு வேர் இருக்கிறது. இப்படிச் சொல்வதால் நாத்திகர் நல்லவராக இருக்க முடியாது என்று ஆகிவிடாது. நியாயப்பிரமாணம், அதாவது மோசே வழியாகக் கொடுக்கப்பட்ட தேவனுடைய சட்டம், இல்லாதவர்களின் இருதயத்திலும் அது எழுதப்பட்டிருப்பதாகப் பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறார். நம்மைவிட நேர்மையாக வாழும் நாத்திகர்களைப் பார்க்கும்போது அந்த வசனம் எனக்கு மெய்யாகிறது.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்ல நமக்குத் தகுதி வேண்டும். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுகிற, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைக்கூடப் பிரித்து வைத்திருக்கிற சபைகளின் உறுப்பினர்கள் தேவசாயலைப் பற்றிப் பேசினால், கேட்பவர் எழுந்து போவதில் வியப்பில்லை. நம்முடைய மாய்மாலம் தேவன் இல்லை என்று நிரூபித்துவிடாது என்பது தர்க்கப்படி உண்மை. அந்தத் தர்க்கத்துக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்வது மட்டும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம்பிக்கையைக்குறித்து விசாரிப்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லுங்கள் என்று எழுதிய பேதுரு, அடுத்த வசனத்திலேயே நல்மனச்சாட்சியையும் நல்ல நடக்கையையும் கேட்கிறார்.

துன்பத்தைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்கு முக்கியக் காரணம் அவர்களுக்கு வலி தெரியாமல் போவதே என்று கண்டு, வலி உடலைக் காக்கும் கொடை என்று சொன்னார். அருமையான உண்மை அது. வலியுள்ள உலகத்தை நல்ல தேவன் படைத்திருக்க முடியாது என்ற வாதத்தின் ஒரு பகுதிக்கு அது பதிலாகிறது. புற்றுநோயில் துடிக்கும் குழந்தையின் தாயிடம் அதைச் சொல்வது கொடுமை. அந்த வலி எதையும் காப்பதில்லை. அங்கே கிறிஸ்தவன் சொல்லக்கூடியது, தேவன் அந்த வலிக்கு வெளியே நிற்கவில்லை, சிலுவையில் தாமே அதை ஏற்றார் என்பதே.

அதைச் சொல்லும்போதே நாம் வேறொரு தளத்துக்கு வந்துவிடுகிறோம். ஒழுக்கத்தைப் பற்றிய வாதம் நீதியுள்ள ஒரு தேவன் வரைக்கும்தான் கொண்டுவிடும். இயேசுவிடம் கொண்டுவர வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். சிலுவை மரணத்துக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளில் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், தாம் பிறரிடம் பெற்றுக்கொண்ட செய்தியாகவே உயிர்த்தெழுதலைக் குறிப்பிட்டு, உயிர்த்தெழுந்தவரைக் கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்டோரில் அநேகர் இன்னும் உயிரோடிருப்பதாகச் சொல்கிறார். அவர்கள் கண்டது மனத்தோற்றம் என்று விளக்குவோர், அந்த இயேசுவை எதிர்பார்க்கவும் இல்லாமல், அவருடைய சபையையே துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலுக்கு அது ஏன் நேர்ந்தது என்பதையும் சேர்த்து விளக்க வேண்டும்.