வட்டியை வெட்டியவன்

1998-ஆம் ஆண்டு, மாநில நிதித்துறையில் உதவியாளனாக எனக்கு அது முதல் பட்ஜெட். ஊதியக் குழுவின் பரிந்துரைகளால் கஜானா தள்ளாடிக்கொண்டிருந்தது. எல்லாத் தலைப்புகளிலும் ஐந்து சதவீதம் குறைக்கும்படி வாய்மொழி உத்தரவு வந்தது. கால்குலேட்டரையும் சிவப்புப் பேனாவையும் வைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை குறைத்தேன். பயணப்படி, எரிபொருள், தொலைபேசி, எழுதுபொருள் என்று ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் காலை தாள்களைப் புரட்டிய பிரிவு அலுவலரின் விரல் ஓரிடத்தில் நின்றது. 2049 என்ற எண்ணுள்ள கணக்குத் தலைப்பு, வட்டி செலுத்துதல். அதையும் வெட்டியிருந்தேன்.

"தம்பி, கடன் கொடுத்தவனிடம் போய் இந்த வருடம் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள் என்று நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?"

பிரிவே சிரித்தது. வட்டியை வெட்டியவன் என்ற பெயர் நான் அந்தப் பிரிவை விட்டுப் போகும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

கணக்குத் தலைப்பின் முதல் இலக்கம்தான் அதன் ஜாதகம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மருத்துவத்தில் வரவு வந்தால் 0210, அன்றாடச் செலவு 2210, கட்டடம் எழுப்பினால் 4210, கடன் கொடுத்தால் 6210. வட்டியும் அப்படித்தான். நமக்கு வந்தால் 0049, நாம் கொடுத்தால் 2049. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முன்னது சுண்டைக்காய், பின்னது பூசணிக்காய்.

அரசியல் சாசனத்தின் 202-ஆவது பிரிவு கடனுக்கான வட்டியையும் அசலையும் 'சார்ஜ்டு' செலவு என்கிறது. சட்டமன்றத்தில் அதைப் பற்றிப் பேசலாம். ஓட்டெடுப்புக்கு விட முடியாது. வெட்டுத் தீர்மானமும் செல்லாது. ஆளுநர், உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் சம்பளம் உட்கார்ந்திருக்கும் அதே வரிசையில் வட்டிக்கும் ஒரு நாற்காலி. துறைகளோடு நடக்கும் கூட்டங்களிலும் இதே கதைதான். ஒரு முறை, பழைய ஜீப்பைக் கழித்துவிட்டுப் புது ஜீப் வாங்கலாமா என்று ஒரு துறையோடு இரண்டு மணி நேரம் வாதாடினோம். வண்டியின் வயது, ஓடிய தூரம், பழுதுபார்த்த ரசீதுகள் எல்லாம் மேசைக்கு வந்தன. அன்று மாலை 2049-க்கு அரை நிமிடம் ஆனது. அதில் வாதாட என்ன இருக்கிறது? என்றோ செலவாகிவிட்ட பணம்.

வரவுப் பக்கம் வேறு மாதிரி. அதை நான் ஆசைப் பக்கம் என்பேன். 2003-இல் மத்திய அரசு நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலங்களும் தத்தமக்கு ஒன்றை இயற்றிக்கொண்டன. கடன் வாங்கி நிரப்பும் நிதிப் பற்றாக்குறை மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றானது. கூட்டிப் பார்த்து அந்த எல்லை இடித்தால், செலவைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. பேனா வரவுப் பக்கம்தான் போகும். பத்திரப் பதிவில் கொஞ்சம், வாகன வரியில் கொஞ்சம் ஏற்றி எழுதினால் தாளில் பற்றாக்குறை இறங்கிவிடும். உண்மையில் வந்த வரவைப் பார்த்துத் திருத்திய மதிப்பீடு வரும்போது குட்டு உடையும். ஆனால் அதற்குள் வேறொரு பட்ஜெட்டின் பரபரப்பு தொடங்கியிருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் ஐந்து ஆண்டுகளுக்கு, அதில் கலந்த வரிகளின் வருவாய் ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டு, குறைந்தால் மத்திய அரசு இழப்பீடு தருவதாக ஏற்பாடு. மதிப்பிடுகிறவனுக்கு அது பொற்காலம். 2022 ஜூனில் அது முடிந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். தப்பித்தேன்.

நடுவில் என்னைக் கடன் பிரிவுக்கு மாற்றினார்கள். வட்டியை வெட்டியவனுக்கு அதுதான் சரியான இடம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் ரிசர்வ் வங்கி மாநிலங்களின் கடன் பத்திரங்களை ஏலம் விடும். மறுநாள் பணம் கணக்கில் ஏறும். அப்போது பெரும்பாலும் பத்தாண்டுக் கடன். ஆண்டுக்கு இரண்டு முறை வட்டி. அசல் முழுவதும் கடைசி நாளில் ஒரே தொகையாக. மாநிலம் வாங்கும் உள்நாட்டுக் கடனுக்கான 6003 என்ற தலைப்பு வரவிலும் உண்டு, செலவிலும் உண்டு. புதுக்கடன் இடது பக்கம் நுழையும், பழைய கடன் வலது பக்கம் வெளியேறும்.

2018-இல், முதிர்வுக்கு வரும் கடன்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் 2008-ஆம் ஆண்டின் அறிவிக்கை எண் இருந்தது. பழைய கோப்பை வரவழைத்துத் திறந்தால், குறிப்பின் அடியில் என் சுருக்கொப்பம். அந்தப் பணத்தில் எதைக் கட்டினோம் என்று கோப்பு முழுக்கத் தேடினேன். மொத்த நிதியில் கலந்த பணத்துக்கு அப்படியொரு குறிப்பு ஏது? அதைத் தீர்க்க வேண்டிய தொகைக்குப் புதுக்கடன் எடுக்கும் கோப்பு அதே மேசையில்தான் இருந்தது. அதிலும் சுருக்கொப்பம் இட்டு, பழையதன் மேல் வைத்துக் கட்டி அனுப்பினேன்.