ஊத்து வர்ற பக்கம்

"ஊத்து இந்தப் பக்கந்தானுங்க வருது." கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தோப்பு வீட்டுக்காரர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கை காட்டினார். அதே திசையில்தான், செப்டிக் டேங்க் கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சிக் குழிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. கிணற்றுக்கும் குழிக்கும் இடைவெளி 15 மீட்டர். கேரளக் கட்டட விதிக்கு 7.5 மீட்டரே போதும், செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470 கேட்பது 18. "கழிவுநீர்ல இருக்கற பாதி நைட்ரஜன் கிணத்துக்கு வர்ற வழியிலேயே கழிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டேன்.

பாதி என்பது கணக்கில் வந்ததுதான். நீர் ஊடுருவும் திறன் நாளுக்கு 0.5 மீட்டர், நிலத்தடி நீரின் சரிவு 0.02, மண்ணின் துளைமை, அதாவது மண்ணில் நீர் ஓடும் இடுக்குகளின் பங்கு, 0.20. முதல் இரண்டையும் பெருக்கித் துளைமையால் வகுத்தால் நாளுக்கு 5 சென்டிமீட்டர். 15 மீட்டருக்கு 300 நாள். நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாகித்தான் நகரும்; அதன் சிதைவு நாளுக்கு 0.002 என்று வைத்தால் மிஞ்சுவது 55 சதவீதம்.

அந்த 0.20 எங்கிருந்து வந்தது? மண் துளைக்கும் ஆகர் 2 மீட்டரில் சுக்கான்கல்லில் முட்டி நின்றது. அதுவரை வந்த மண்ணுக்கு அது சரி. அதற்குக் கீழே பாறை. ஊற்று வருவது பாறை வெடிப்பில். வெடிப்புக்குத் துளைமை 0.01 என்று போட்டால், மற்ற எண்களைத் தொடாமலே, நாளுக்கு 1 மீட்டர். 15 நாளில் கிணறு. மிஞ்சுவது 97 சதவீதம். அவர் கைகாட்டியது இந்த ஒரு எண்ணைத்தான். காதில் விழுந்தது, தாளில் ஏறவில்லை.

சிதைவு எண்ணிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இருக்கக் கூடாது, தின்னக் கரிமம் வேண்டும். கரிமம் இருப்பது வேர் படரும் மேல்மண்ணில். நாமோ சிமென்ட் உறை இறக்கி 3 மீட்டர் ஆழத்தில் கழிவுநீரை விடுகிறோம். முக்கால் மீட்டர் ஆழத்தில் நீளக் கால்வாய் வெட்டியிருந்தால் தென்னை வேரே ஒரு பங்கைக் குடித்திருக்கும். பாஸ்பரஸைப் பற்றி இவ்வளவு கவலையில்லை. கரிசலின் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வெடிப்பில் இறங்கிவிட்டால் அந்தப் பிடிப்பும் இல்லை.

குழிக்குள் இறங்கும் நைட்ரஜனின் தொடக்கச் செறிவும் இடிக்கிறது. லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று கையேட்டு எண்ணைப் போட்டேன். அது குளியல், சமையல் நீரெல்லாம் சேர்ந்து வரும் டேங்குக்கு. இங்கே அவை தென்னைக்குப் போகின்றன, டேங்குக்கு வருவது கக்கூஸ் நீர் மட்டும். ஆளுக்கு நாளுக்குப் பத்துப் பதினோரு கிராம் நைட்ரஜன் 50 லிட்டரில் கரைந்தால் 200ஐத் தாண்டும்.

கிணற்று நீரில் நைட்ரேட்டோடு குளோரைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குளோரைடு சிதையாது, குழியிலிருந்து கிணறு வரை இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது வெறும் நீர்த்தல். தோப்புக்குப் போடும் பொட்டாஷ் உரத்திலும் குளோரைடு உண்டு என்பது தனித் தலைவலி. ரிப்போர்ட்டில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பு நைட்ரேட்டுக்கு. நைட்ரஜனாகக் கொடுத்திருந்தால் வரம்பு 10தான்.

0.20 தப்பென்று யாரும் சொல்ல முடியாது, கையேட்டில் உள்ளதுதான். எல்லா இடத்திலும் 0.01 போட்டால் அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கும் குழி வெட்ட இடம் கிடைக்காது. ஆனால் எல்லா இடத்திலும் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு திசைக்குத்தான்.