தை மாதத்து எண்ணெய்

வெளியில் போடும் மரப்பலகைத் தளத்தை டெக் என்பார்கள். மெல்பர்னில் அதற்கு நான் வாங்கிய டெக் ஆயில் டின்களில் எப்போது பூச வேண்டும் என்று எழுதியிருக்கும்: வசந்த காலத்தில், அல்லது இலையுதிர் காலத்தில். சென்னைக்கு வந்தபின் இந்த இரண்டு காலத்தையும் எங்கே போய்த் தேடுவது? கணவரைக் கேட்டால், "இங்கே வெயில், ரொம்ப வெயில், மழை. அவ்வளவுதான்" என்கிறார். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அவர் தரும் தகவல் எப்போதும் இந்த அளவில்தான் இருக்கும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மெல்பர்னில் வளர்ந்து, சென்னைக்காரரைக் கட்டியவள். மாமனார் மாமியாருக்கு வயதாகிவிட்டதால் 2023இல் கொட்டிவாக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறாய், அதிலென்ன புலம்பெயர்வு என்று அங்கே தோழிகள் கேட்டார்கள். ஆட்டோவில் ஏறி இரண்டு வார்த்தை கதைத்தால் "கேரளாவா மேடம்?" என்று கேட்கிற ஊர் இது. அந்த டிசம்பரிலேயே மிக்ஜாம் புயல் அடித்தது. கரண்ட் இல்லை, தெருவில் தண்ணீர். மழை விட்டதும் மொட்டை மாடிக்கு ஏறியபோதுதான் அங்கிருந்த மர டெக்கை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். புங்கை இலை வடிகாலை அடைத்து, பலகைகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

சாதாரண மரமில்லை அது. மயிலாப்பூரில் இடித்த ஒரு பழைய வீட்டின் மர உத்தரங்களைக் கணவரின் அண்ணன் வாங்கி, பலகையாக அறுத்துப் போட்டிருந்தார். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிற அந்தக் காலத்துக் கூரையில் தேக்கு உத்தரங்களை நெருக்கமாக வைத்து, மேலே செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போடுவார்கள். வீட்டை இடிக்கும்போது அந்த பர்மா தேக்கு பழைய மரக்கடைக்கு வந்து சேரும். நிழலிலேயே பல தலைமுறை இருந்த மரத்தைக் கொண்டுபோய்க் கடற்கரை வெயிலில் போட்டால் வெளுக்காமல் என்ன செய்யும்? நான் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேக்கு உயிரோடிருக்க நாம் பூசும் எண்ணெய் தேவையில்லை. அதற்குள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. சாம்பல் நிறம் மேல்தோலில்தான், வெயில் செய்த வேலை. வடிகால் சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். எண்ணெய் பூசுவது நிறத்துக்காக, மேலே மயிர்க்கோடு மாதிரி வெடிப்பதைக் குறைக்க. மெல்பர்னில் எங்கள் வீட்டில் இருந்தது மெர்பாவ் மரம். முதல் மழையிலேயே செம்பழுப்புச் சாயம் இறங்கி, கீழேயிருந்த சிமென்ட் தரையெல்லாம் கறை. அதற்கு வருடம் தவறாமல் எண்ணெய் வைப்போம். அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

இங்கே வீட்டுக்காரி முட்டி போட்டுப் பிரஷ் பிடிப்பது வழக்கத்தில் இல்லாத காரியம். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா, "ஏம்மா, ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டார். மாமியாருக்கு அது பெரிய மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மெல்பர்னில் சனிக்கிழமையானால் பன்னிங்ஸ் என்கிற ஹார்டுவேர் கடை வாசலில் ரொட்டியில் சுருட்டிய சாசேஜ் வாங்கித் தின்றுகொண்டே டாக்டரும் எஞ்சினியரும் தாங்களே டின் தூக்கிப்போவார்கள் என்று சொன்னால், "பாவம்" என்கிறார். கடைசியில் சமரசம் ஆனது: பெயின்டர் ஒருவர் வருவார், நானும் கூட இருந்து செய்வேன்.

பெயின்டர் அண்ணா பலகையைத் தட்டிப் பார்த்தார். "வார்னிஷ் ரெண்டு கோட் அடிச்சா கண்ணாடி மாதிரி நிக்கும்க்கா." நிற்கும், முதல் மழை வரை. வார்னிஷ் மேலே ஒரு தோலாக உட்காருகிறது. மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். தோல் அங்கங்கே கிழியும். அதற்குள் தண்ணீர் இறங்கினால் உரிந்து வரும். பிறகு மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கவேண்டும். எண்ணெய் மரத்துக்குள் போவதால் உரிவதற்கு ஒன்றுமில்லை. மங்கினால் கழுவிவிட்டு மேலேயே பூசலாம். அவர் நம்பவில்லை, ஆனால் தலையாட்டினார்.

பெயின்ட் கடைப் பெரியவர் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயிலில், அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில், டர்பன்டைன் கலந்து அடிக்கச் சொன்னார். வாசல் கதவுக்கு அது அருமை. மழையில் கிடக்கும் பலகைக்கு எப்படி என்று ஒரு பலகையில் மட்டும் வைத்துப் பார்த்தேன். ஐப்பசி மழைக்குப் பின் அந்தப் பலகையில் மட்டும் கறுப்புப் புள்ளிகள். லின்சீட் எண்ணெய் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு, சென்னை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். அப்புறம் பூஞ்சை மருந்தும் கொஞ்சம் நிறமியும் கலந்த டெக் ஆயிலையே ஆன்லைனில் தருவித்தேன். நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது. வெளிர் பழுப்பாவது இருக்கவேண்டும்.

கழுவுவதுதான் பெரிய வேலை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா மாடிப் பாசிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை டெக்கிலும் கொட்டிக்கொண்டிருந்தார். அது மரத்தின் நாரைத் தின்றுவிடும். நான் போட்டது ஆக்சாலிக் அமிலம். பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உப்பு மாதிரி பொட்டலத்தில் தந்தார்கள். விஷம், கையுறையும் கண்ணாடியும் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, ஈரப் பலகையில் தடவி, கால் மணி நேரம் விட்டுத் தும்புக்கட்டையால் தேய்த்தால் சாம்பல் போய்த் தேன் நிறம் எழும்பும். அதைப் பார்த்துதான் மாமியார் என் கட்சிக்கு வந்தார். அதன்பின் தண்ணீரை நிறைய விட்டு அலச வேண்டும். பிளீச்சிங் பவுடரும் அமிலமும் சந்திக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அக்காவிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பலகைகளில் ஸ்குரூ இருந்த இடமெல்லாம் கறுப்பு வளையம். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து மரத்தின் துவர்ப்போடு சேர்ந்தால் மை மாதிரி இறங்கும். எல்லாவற்றையும் கழற்றி, உப்புக் காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ போட்டோம். இதே காரணத்துக்காகத்தான் இரும்புப் பிரஷ், ஸ்டீல் நார் எதுவும் டெக் பக்கமே வரக்கூடாது. இடுக்கில் சிக்கிய இலையை எடுக்க ஈர்க்குச்சிக்கு மிஞ்சிய கருவி கிடையாது.

சரி, எப்போது பூசுவது? மெல்பர்னில் வருடத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை, பன்னிரண்டு மாதமும் பிரித்துப் பெய்யும். சென்னையில் சுமார் 1400, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் பலகை தோசைக்கல். எண்ணெய் உள்ளே இறங்குமுன் மேலேயே பிசினாகிவிடும். ஆடிக்காற்றில் பூசினால் கொட்டிவாக்கத்து மணல் முழுக்க மாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும், சாயங்கால இடிமழை வேறு. மிச்சம் பொங்கலுக்குப் பிந்திய சில வாரங்கள். அதிலும் காலையில் பனி இறங்கியிருக்கும். ஒன்பது மணிக்குமேல் பலகை காய்ந்தபின் தொடங்கி, கடற்காற்று எழுமுன் முடிக்கவேண்டும். வெயில் நேரே படாமலிருக்க நர்சரிகளில் போடும் பச்சை வலையை மேலே கட்டினோம்.

பூசுவதில் வித்தை ஒன்றுமில்லை. மரத்தின் ரேகை போகும் திசையில், பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மெல்லிசாக. அறுத்த முனைகள்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும், அங்கே தாராளமாக. கால் மணி நேரத்தில் குடிக்காமல் மேலே நிற்கிற எண்ணெயைத் துணியால் துடைத்துவிடவேண்டும். பெயின்டர் அண்ணாவுக்கு இதுதான் பொறுக்கவில்லை: "காசு போட்டு வாங்கினதைத் துடைச்சு எறியச் சொல்றீங்களே!" துடைக்காவிட்டால் அது காயாமல் பிசுபிசுத்து, காலையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும்.

அந்தத் துணிகளைப் பெயின்டரோடு வந்த பையன் சுருட்டிச் சாக்கில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டான். ஞாபகம் வந்து ஓடிப்போய்ச் சாக்குக்குள் கையை விட்டால், நடுவில் நன்றாகச் சுடுகிறது. எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து வெப்பத்தை விடும். விரித்துப் போட்டால் தெரியாது, சுருட்டினால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் தண்ணீர் வாளியில் அமுக்கினேன். அதைத் தொட்டுப் பார்த்த பிறகு பெயின்டர் அண்ணா என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசவில்லை.

மாமியாரின் கணக்கு வேறு. "மாசி பிறந்தா வடாம் போடணும். உன் எண்ணெய் அதுக்குள்ள காயுமா?" மழையில்லாத அதே வெயிலுக்குத்தான் இரண்டு பேரும் போட்டி. எண்ணெய் தை நடுவில் முடிந்துவிடவேண்டும், வாசனை அடங்கும்வரை வடாம் கூடாது, மோர் மிளகாய் எப்போதும் சிமென்ட் பக்கம்தான் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

இப்போது தெருவில் இரண்டு மூன்று பேர் மர டெக் போடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நிற்காமல் உறிஞ்சினால் எண்ணெய் வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம், அதை வருடாவருடம் செய்ய மனமிருந்தால் போடுங்கள் என்கிறேன். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு டைல்ஸ்தான் நல்லது.