காரைக்கால் அம்மையார் வழியாக கோ கேர்

ஜனவரியில் கோ கேர் போகிறோம். கம்போடியாவில் சியம் ரீப்பிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் வடகிழக்கே, காட்டுக்குள் இருக்கிற பழைய தலைநகரம் அது. 928 முதல் 944 வரை கெமர் அரசு அங்கோரை விட்டு இங்கிருந்துதான் நடந்தது. நான்காம் ஜெயவர்மன் அமைத்த ஊர், நடுவில் ஏழு அடுக்குப் பிரமிடு, உயரம் 36 மீட்டர் போல. அதன் உச்சியில் ஒரு காலத்தில் பெரிய லிங்கம் இருந்திருக்கிறது.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது பாங்காக் மாறித்தான் போக வேண்டும், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் சியம் ரீப்பில் இறங்கிய பிறகு எந்த வழியாகப் போவது என்பதுதான். தம்பி நேரே கோ கேர் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றான். நான் சம்மதிக்கவில்லை, ஏனென்றால் காலையில் முதலில் பாந்தே ஸ்ரே போயாக வேண்டும்.

பாந்தே ஸ்ரே 967ல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். சிவந்த மணற்கல், சின்னச் சின்னதாய் நுணுக்கமான வேலை. கட்டியவர் அரசர்கூட இல்லை, அரசருக்கு ஆசானாக இருந்த யக்ஞவராகர். அதன் கிழக்கு வாயில் முகப்பில் சிவன் பத்துக் கைகளோடு ஆடுகிறார், காலடியில் ஓர் ஓரமாக எலும்பும் தோலுமாக, மார்பு வற்றித் தொங்க, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அது காரைக்கால் அம்மையார் என்று கலை வரலாற்றாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நம் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் அம்மையார் இருப்பாரே, அந்தச் சிற்பத்துக்கும் அரை நூற்றாண்டு முந்தையது இது! காரைக்காலில் இருக்கிற அத்தையிடம் போனில் சொன்னேன். "நம்ம அம்மையாரா? அவ்ளோ தூரமா?" என்று கேட்டவர், அடுத்த நாளே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டார். வருஷம் தவறாமல் மாங்கனித் திருவிழாவில் நிற்பவர், அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? வாயில் கிழக்கு பார்த்தது என்பதால் காலை வெயில் இருக்கும்போதே போய்விட வேண்டும்.

இன்னொன்று, புதுச்சேரிக்காரர்களுக்கு இது ரொம்பத் தூரத்து விஷயமும் இல்லை. துய்மா வீதியில் ஓர் ஆய்வு மையம் இருக்கிறதே, எஃபியோ என்பார்கள், அங்கோரில் பல பத்தாண்டுகள் வேலை செய்த பிரெஞ்சு நிறுவனத்தின் கிளைதான் அது. 1930களில் பாந்தே ஸ்ரேயைக் கல் கல்லாகப் பிரித்து மறுபடி அடுக்கி நிறுத்தியவர்கள் அவர்கள்தான்.

அங்கிருந்து பெங் மேலியா என்ற பழைய கோயில். அங்கோரிலிருந்து கோ கேருக்குப் போன பழைய ராஜபாட்டையும் அந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறது. சாயங்காலம் கோ கேர் போய், பக்கத்து ஊரான ஸ்ராயோங்கில் தங்கல். பிரமிடு ஏற மரப்படி போட்டிருக்கிறார்கள், அத்தையின் முட்டிக்கு அது ஆகாது, பரவாயில்லை. சுற்றிலும் சின்னக் கோயில்களில் பெரிய பெரிய லிங்கங்கள் ஆவுடையோடு இன்னும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. அவற்றின் முன்னால் அத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

நான் முக்கியமாகப் பார்க்க நினைப்பது பிராசாத் சென். துரியோதனனும் பீமனும் கதாயுதத்தோடு எதிரெதிரே நின்ற கோயில். உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிலைகளைக் கணுக்காலோடு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பாதங்கள் மட்டும் பீடத்தில் தங்கிவிட்டன. அந்தப் பாதங்களே பிறகு சாட்சி ஆயின. நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த துரியோதனனும் கலிபோர்னியா அருங்காட்சியகத்தில் இருந்த பீமனும் 2014ல் ஊர் திரும்பினார்கள். அதே வருஷம்தான் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து நமக்குத் திரும்பி வந்தார். சாமியைப் பறிகொடுத்த ஊரின் வலி என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரேயா விஹியரையும் சேர்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மலை விளிம்பில் இருக்கிற அருமையான சிவன் கோயில்தான், ஆனால் தாய்லாந்து எல்லையிலேயே இருக்கிறது, 2025ல் அங்கே சண்டையே நடந்தது. பெரியவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக எனக்கு மனசில்லை.

அப்புறம், அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், அதனால் தம்பி ஓட்டும் பேச்சே கிடையாது, டிரைவரோடு வேன் எடுக்கிறோம். டாலர் செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை வாங்க மாட்டார்கள். கோ கேருக்கு டிக்கெட் தனி, அங்கோர் பாஸ் செல்லாது. சமையலில் மீன் விழுது நிறையச் சேரும் என்பதால் அத்தைக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டாயம். கண்ணிவெடிகளை நிறைய அகற்றியிருந்தாலும் நடைபாதையை விட்டு யாரும் காட்டுக்குள் இறங்கக் கூடாது, அதிலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்தால் அப்படியே திரும்பிவிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

இ-விசாவுக்கு இந்த வாரம் விண்ணப்பிக்கிறோம். வேனில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது, வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.