வாவி இப்ப என்ன நிறம்

தை 18, சனி

நீர்வண்ண வகுப்புக்குப் போய்விட்டேன். 31 வருஷம் சித்திரம் படிப்பித்தவள், புதுப் பிறஷ் பெட்டியைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மொத்தம் பதின்மூன்று பேர். பிறஷே பிடிக்காதவரும் வரலாம், கண்காட்சி வைத்தவரும் வரலாம், பதினெட்டு வயது தாண்டியிருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் எந்தக் கட்சி என்று தெரியாமல் யன்னலோரமாக உட்கார்ந்தேன். யன்னலுக்கு வெளியே வாவி.

படிப்பிக்கிற தம்பி என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "ரீச்சர்!" நாவலடிப் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு, கடைசி வாங்கு. பெயர் ஞாபகம் வருவதற்கு முதலே அந்தப் படம் ஞாபகம் வந்தது.

அவனுக்கும் வந்திருக்குமா?

இன்று முழுக்க ஒரே நிறம். கறுப்பில் தண்ணீர் கூட்டிக் கூட்டி ஐந்து கட்டம். கடைசிக் கட்டம் வெறும் கடதாசி. நான் பிள்ளைகளுக்கு ஒருநாளும் செய்விக்காத பயிற்சி. பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரத்தில் நேரே படத்துக்குப் போய்விடுவோம். எனக்கு முதலாவதும் இரண்டாவதும் ஒன்றாகவே தெரிந்தன. பக்கத்தில் இருந்த காத்தான்குடிப் பிள்ளையைக் கேட்டேன். "வேற வேறயாத்தானே இரிக்கி ரீச்சர்" என்றது. அதற்கும் நான் ரீச்சர் ஆகிவிட்டேன். தேத்தண்ணி கொண்டுவந்த ஐயாவுக்கும்.

தை 19, ஞாயிறு

மழை. இரத்தத்தில் சீனி 192. நான் பொங்கலைக் குறை சொன்னேன், இவர் என்னைக் குறை சொன்னார்.

தை 22, புதன்

வீட்டில் செய்து பார்க்கச் சொல்லித் தந்த கடதாசி காயமாட்டேன் என்கிறது. ஈரக் கடதாசியில் நிறம் வைத்தால் ஓடும், தெரியும். ஆனால் காலையில் வைத்த நிறம் பின்னேரமும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? இந்த ஊரில் இந்த மாதம் மோர்மிளகாயே காயாது. கடைசியில் பழைய சீலைத் துண்டுக்கு நடுவில் வைத்துப் பின்பக்கத்தை அயன்பண்ணினேன். இவர் எட்டிப் பார்த்தார். போய்த் தன் சாரத்தையும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

தை 25, சனி

மூன்று நிறம்தான் கையில். நீலம், சிவப்பு, மஞ்சள். பச்சைக் குழாய் கொண்டுவந்தவர்களிடம் அதை வாங்கி லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். குழாயிலிருந்து வருகிற பச்சை எந்தத் தென்னோலையிலும் இல்லையாம். இல்லைத்தான். மஞ்சளில் கொஞ்சம் நீலம், அதில் துளிச் சிவப்பு விழுந்தால்தான் வெயில்பட்ட ஓலை வருகிறது. அந்தக் குழாய்ப் பச்சையை அப்படியே பூசச் சொல்லி எத்தனை ஆயிரம் தென்னைகளை நட்டுவைத்திருக்கிறேன் நான்.

தேத்தண்ணிக்குப் பிறகு நாலாவதாக ஒன்று தந்தான், பேர்ன்ட் சியன்னா. செங்கல் நிறம். அதையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்தால் சாம்பல். நீலம் கூடினால் மழை இருட்டு, செங்கல் கூடினால் நனைந்த ஓடு. தை மாத மட்டக்களப்பு முழுக்க இந்த இரண்டு குழாய்க்குள் இருக்கிறது! ஒரு மணித்தியாலம் வேறொன்றும் யோசிக்கவில்லை. கண்ணைப்பற்றிக்கூட.

பிறகு எல்லாருடைய சாம்பலையும் வரிசையாக வைத்தோம். என்னுடையதைப் பார்த்து, "ரீச்சர், இது நீலம்" என்றார்கள். எனக்கு அது சாம்பல். நல்ல சுத்தமான சாம்பல்.

தை 27, திங்கள்

முகத்துவாரத்தில் ஆத்துவாய் வெட்டிவிட்டார்களாம். வெள்ளம் இறங்குகிறது. பாலத்தால் வரும்போது ஓட்டோவை மெதுவாக விடச் சொல்லிப் பார்த்தேன். வாவி பிளேன்டீ நிறம். வெள்ளத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ.

"வாவி இப்ப என்ன நிறம் மகன்?"

"தண்ணி நிறம்தான் அன்ரி."

மாசி 1, சனி

பெரிய தாள் 56க்கு 76 சென்ரிமீற்றர். எட்டாக மடித்து, மடிப்பில் கத்தி ஓட்டி வெட்டினோம். 28க்கு 19. விலையைக் கேட்டால் மனுசருக்குக் கை நடுங்கும். காத்தான்குடிப் பிள்ளை ஓரத்தில் விழுந்த நூல்மாதிரித் துண்டுகளையும் பொறுக்கி எடுத்துக்கொண்டது, நிறம் பார்க்க உதவுமாம். கெட்டிக்காரி.

தோள் வலி. சீனி பார்க்கவில்லை.

மாசி 3, திங்கள்

கண் கிளினிக். ஏழு மணிக்குப் போய் இருந்தோம். ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கண்புரை வெட்டுகிற திகதி தள்ளிப்போய்விட்டது. சீனி ஒரு காரணம். இன்னொரு காரணமும் சொன்னார்கள், சொன்ன பிள்ளை கொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னது. எனக்கு முன்னால் இருந்த கிழவர், வாகரையிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வந்தவர், ஒன்றும் பேசாமல் துண்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான்தான் சத்தம் போட்டேன். ரீச்சர் சத்தம். ஒரு பிரயோசனமும் இல்லை.

மாசி 5, புதன்

பாகற்காய். நேற்றும் பாகற்காய்.

மாசி 8, சனி

தாதியாக வேலை செய்கிற பிள்ளையும் எனக்கு ஓவியர் மொனேயின் கதையை அனுப்பியிருக்கிறது. இது மூன்றாவது ஆள். அவர் 1923இல் வலது கண்ணை வெட்டினாராம், அப்போது 82 வயதாம், அதற்குமுதல் கீறிய குளமெல்லாம் மண்ணும் நெருப்புமாக இருக்குமாம். தெரியும் பிள்ளை, பாடம் எடுத்திருக்கிறேன். அவருக்கு வீட்டு வளவுக்குள்ளேயே அல்லிக் குளம் இருந்தது. எனக்கு வளவுக்குள் இருக்கிறது ஒரு கிணறு.

வகுப்பில் படங்களை நிலத்தில் பரப்பிவிட்டுச் சுற்றி நிற்க வேண்டும். "வடிவா இரிக்கி" என்று சொல்லத் தடை. முதலில் கண் எங்கே போகிறது, பிறகு எங்கே போகிறது, எங்கே மாட்டுப்படுகிறது, அதைத்தான் சொல்லலாம். நான் வாயைத் திறந்தால் "தூரத்துத் தோணி சின்னதாக இருக்க வேண்டும்" என்றுதான் வருகிறது. தம்பி சிரித்தான். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், விபரம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும் என்றான். எனக்கு அந்த வேலை மிச்சம். இடது கண்ணைப் பொத்தினால் போதும்.

மாசி 9, ஞாயிறு

மழை விட்டதால் வெளியில். கல்லடிப் பழைய பாலத்தடி. 1924இல் கட்டியது, எங்கள் பெத்தா தன் வயதைக் கேட்டால் "பாலத்தோட நான்" என்பா. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு வாகனமெல்லாம் அதில்தான், இது சும்மா நிற்கிறது, கீறுவதற்கு வாகாக. கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர் மீன் பாடுவது கேட்குமா என்று கேட்டார்கள். எல்லாரும் மீனைத்தான் கேட்கிறார்கள். நிறத்தை ஒருவரும் கேட்பதில்லை.

பாலமீன்மடுவில் தோணி வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் வகுப்புக்கு வருகிறார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி, பென்சிலை உளி மாதிரிப் பிடிக்கிறார். ஆனால் அவர் கீறிய தோணி தண்ணீருக்குள் இருந்தது. என்னுடையது தண்ணீருக்குமேல் வைத்த மாதிரி இருந்தது. எப்படி என்று கேட்டேன். "எத்தின பேர் ஏறி இரிக்கிற எண்டு நினைச்சுக் கீறினன் ரீச்சர்." வாவி என்ன நிறம் என்று அவரையும் கேட்டேன். வாடை நிற்கட்டும், பிறகு பாருங்க, இப்ப பாத்துப் பிரயோசனம் இல்லை என்றார். எனக்குக் கிடைத்ததிலேயே ஒழுங்கான பதில் இதுதான்.

ஒரு தோணி வெள்ளை. நீர்வண்ணத்தில் வெள்ளைக்கு வெள்ளை பூசுவதில்லை. கடதாசியை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற தண்ணீரைப் பூச வேண்டும். பூசாத இடம் தோணியாக மிதக்கும். இதைத்தான் தம்பி இன்று முக்கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினான். "விட்டுட வேணும் ரீச்சர், விடுறதுதான் கஷ்டம்." பிறஷ் நுனியைத் தோணியின் ஓரத்தோடு இழுத்துக்கொண்டு போய், நுனியில் மிஞ்சிய துளியை அடுத்த இழுப்பு வரும்வரை காயவிடாமல் காத்துக் காட்டினான். அந்தத் துளி வெயிலில் மின்னியதை நான் கண்டேன். அவன் என் முகத்தை நேரே பார்த்துத்தான் அதைச் சொன்னான். வேண்டுமென்றே சொன்னானா?

இரண்டு தாள் கெடுத்தேன். இரண்டிலும் தோணிக்குள் நிறம் பூசிவிட்டேன். கை தானாகப் போகிறது.

மாசி 12, புதன்

சீனி 174.

மாசி 15, சனி

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்றும் நித்திரை இல்லை.

தவணைப் பரீட்சை. தலைப்பு 'எங்கள் ஊர்'. நாற்பது பிள்ளைகளும் அரைவட்டச் சூரியன், இரண்டு தென்னை, நீல வாவி. ஒரு தாளில் மட்டும் வாவி ஊதா. கத்தரிப்பூ நிறம். அதில் இரண்டு தோணி, நிறமே இல்லை, பென்சில் கோட்டோடு வெறும் கடதாசி. நான் சிவப்புப் பேனையால் குறுக்கே எழுதினேன்: 'வாவி நீலம். வர்ணம் பூர்த்தியாகவில்லை.' 38 போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். தாளைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினேன். சிரித்தார்கள். "கத்தரிக்காய்க் குழம்பு" என்று ஒருவன் சொன்னான், அதற்கு நானும் சிரித்தேன். கடைசி வாங்குப் பிள்ளை அழவில்லை. தாளை வாங்கி, மடிக்காமல், சுருட்டாமல், இரண்டு கையாலும் தட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டு போனான்.

அந்த வயதில் அந்தப் பிள்ளைக்குக் கடதாசியை விடத் தெரிந்திருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "அது எத்தினையாம் ஆண்டு? அவனுக்கு ஞாபகம் இருக்குமா?" என்றுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஞாபகம் இல்லாமலா முதல்நாள் எழும்பி நின்றான்?

மாசி 16, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லச் சொன்னேன்.

மாசி 20, வியாழன்

சீனி 158. தண்ணீர் தெளிகிறதாம். யார் சொன்னது என்று எழுதவில்லை, பத்துப் பேரைக் கேட்டுவிட்டேன்.

மாசி 22, சனி

எல்லாரும் போனபின் நின்றேன். பேசினியில் பிறஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தான், ஒவ்வொன்றாக, உள்ளங்கையில் சவர்க்காரம் தேய்த்து, மயிரை விரலால் கூராக்கி. நான் அவன் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். 'நீ' வரவில்லை, 'நீங்க' என்றுதான் வந்தது.

"தம்பி, ஒன்பதாம் வகுப்பில உங்கட படம் ஒண்டைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சனான். ஊதா வாவி."

தண்ணீரை நிற்பாட்டினான்.

"அது அண்ணன், ரீச்சர்."

நான் ஒன்றும் பேசவில்லை. "நான் சங்கீதம் எல்லா? ரீச்சர்ட்ட நான் படிக்கவே இல்ல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி எண்டு எல்லாரும் சொல்லுவாங்க" என்றான். பிறகு, "அந்தப் படத்த அம்மா பிரேம் போட்டு மாட்டியிருந்தா. ரீச்சர்ர சிவப்பு மையோடதான். நாவலடி வீட்ட" என்றான்.

சுனாமி அள்ளிக்கொண்டுபோன நாவலடி. அந்த வீடு என்ற பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது. பிறஷ்களைத் துவாயில் வரிசையாக அடுக்கினான். நானும் ஒன்றை எடுத்துத் துடைத்தேன்.

மாசி 23, ஞாயிறு

போனேன். தாளில் தண்ணீர் மட்டும் பூசிக்கொண்டு இருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாசி 26, புதன், சிவராத்திரி

எப்படியும் விழித்திருக்க வேண்டும். இவர் கோயிலுக்குப் போய்விட்டார். குசினி மேசையில் தாளை ஒட்டி, பல்பை இறக்கிக் கட்டினேன். அல்ட்ராமரினில் சிவப்பு. எவ்வளவு சிவப்பு? வலது கண்ணுக்கு அது கருகின மண். இடது கண்ணுக்கு ஏதோ கொஞ்சம். குழாயில் எழுதியிருக்கிற பெயரை நம்பித்தான் கலந்தேன், கண்ணை நம்பி இல்லை. இரண்டு தோணி. ஓரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கை உள்ளே போகப் பார்த்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினேன்.

இரண்டு தோணியும் வெறும் கடதாசி.

இரவு இரண்டரை.

மாசி 27, வியாழன்

ஒருவருக்கும் காட்டவில்லை. அலுமாரிக்குப் பின்னால், சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

பங்குனி 8, சனி

நோன்பு தொடங்கிவிட்டது. காத்தான்குடிப் பிள்ளை இன்று ஒரு மணித்தியாலம் தடுமாறியது. பிறஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவது அதன் பழக்கம். கை ஒவ்வொரு தரமும் வாய்க்குக் கிட்டப் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் விரல் நுனியால் உருட்டப் பழகிக்கொண்டது. நான் தேத்தண்ணியைப் படிக்கட்டில் இருந்து குடித்தேன். "இஞ்சயே குடிங்க ரீச்சர், எனக்கு ஒண்டுமில்ல" என்றது. சீனி இல்லாத தேத்தண்ணி, அதைக் குடிப்பதும் ஒரு நோன்புதான் என்றேன்.

கிளினிக்கிலிருந்து கோல். செவ்வாய். சீனி 140க்குக் கீழே வேண்டுமாம்.

தம்பியிடம் சொன்னேன், அடுத்த சனி வரமாட்டேன் என்று. "கட்டு அவிழ்த்தோடன பாலத்தில நிண்டு பாருங்க ரீச்சர்" என்றான். என்ன நிறம் என்று சொல்ல வேண்டுமாம்.

பங்குனி 10, திங்கள்

சொட்டு மருந்து நாலு நேரம். தலை முழுகியாயிற்று. பிறகு கனநாளைக்கு முழுக விடமாட்டார்கள்.

பங்குனி 11, செவ்வாய்

நாலு மணிக்கே எழும்பிவிட்டேன். சீனி 131. அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன், தாள் இருக்கிறது, கொஞ்சம் வளைந்திருக்கிறது. எடுக்கவில்லை. இவர் மோட்டார்சைக்கிளைப் படலையடிக்குத் தள்ளிவிட்டு ஹெல்மெட்டைத் தேடுகிறார், அது என்னுடைய