எக்ஸ்ஆரிலிருந்து வைசெட்டுக்கு: கன்னியாப் பக்கம் ஒரு வார இறுதி

வருடக்கணக்காக ஹோண்டா எக்ஸ்ஆர் 250 இல் போட்டி ஓடிப் பழகினவன், மோட்டோகிராஸுக்கென்றே, அதாவது மண் தடத்தில் ஓடுகிற போட்டிக்கென்றே செய்த பைக்குக்கு மாறும்போது முதல் இரண்டு நாளும் என்ன செய்யவேணும்? வாங்கமுதல் தமிழில் தேடிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கினது பாவித்த யமஹா வைசெட் 250 எஃப், 2019க்குப் பிந்திய மொடல். கிக்கர் கிடையாது, பட்டன் ஸ்டார்ட் மட்டும்தான். லைட், சிக்னல், இலக்கத் தகடு எதுவும் இல்லாத பைக், றோட்டில் இறக்க முடியாது. மச்சானின் பட்டா லொறியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு சனிக்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அங்கால மாமாவின் காணி. ஒரு பக்கம் இறுகின கிரவல், மற்றப் பக்கம் வற்றிப்போன ஓடை மணல். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் பத்து மணிக்குப் பிறகு அங்கே நிற்கவே ஏலாது. பொழுதுபட்டால் யானை நடமாட்டம். ஓடக்கூடியது காலையும் பின்னேரமும்தான்.

எங்களுடன் வந்த கராஜ் அண்ணை பைக்கை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை, அளவு நாடாவைத்தான் கேட்டார். “தம்பி, எஞ்சினைப் பிறகு பாப்பம். முதல்ல பைக் உன்ர பாரத்துக்கு நிக்குதோ எண்டு பாப்பம்.”

அந்த அளவெடுப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வார இறுதி முழுக்க அதில்தான் தங்கியிருந்தது. பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சில்லு நிலத்தில் படாமல் வைத்து, அச்சிலிருந்து பின் மட்காட்டில் பென்சிலால் போட்ட புள்ளி வரை அளந்தோம்: 620 மில்லிமீற்றர். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், நெஞ்சுக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு நான் ஏறினேன். மச்சான் முன்னால் ஹேண்டிலைப் பிடிக்க, அண்ணை அதே இடத்தை அளந்தார். 502. அதாவது 118 மில்லிமீற்றர் அமிழ்கிறது. இப்படியான பைக்குக்கு 100க்குக் கிட்ட இருந்தால்தான் நல்லது. பின்பக்கம் கூட அமிழ்ந்தால் முன் சில்லுக்குப் பாரம் குறைந்து, வளைவில் பிடிமானம் போய்விடும். பின் ஷொக் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற வளையத்தை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டித் தட்டி இறுக்கி, 102க்குக் கொண்டுவந்தோம்.

அதோடு விட்டுவிடக் கூடாது. ஆள் இறங்கின பிறகு, பைக் தன் சொந்தப் பாரத்துக்கு எவ்வளவு அமிழ்கிறது என்றும் பார்க்கவேணும். எங்களுக்கு 32 வந்தது. 30க்கும் 40க்கும் இடையில் வந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருத்தம். மிகக் குறைவாக வந்தால் ஸ்பிரிங் கடினம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மை மறுவளம். ஸ்பிரிங் மெலிசு என்பதால் அதை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

பிறகு ஹேண்டில். எழுந்து நின்று ஓடும்போது மணிக்கட்டு மடியாதபடி கிளச், பிரேக் கைபிடிகளைக் கொஞ்சம் கீழே சாய்த்தோம். ரயர் காற்று 13 பிஎஸ்ஐ. பெற்றோல் செட் மீற்றரில் இவ்வளவு குறைந்த அளவை நம்ப முடியாது, சிறிய மீற்றர் ஒன்று கையில் இருக்கவேணும். பெற்றோல் 95 ஒக்டேன்தான். ஏனென்றால் இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 13க்கு மேலே.

ஸ்டார்ட் பண்ணினதும் முதலில் என்னைப் பிடித்தது சத்தம். 2014 இலிருந்து யமஹா இந்த எஞ்சினின் தலையை (சிலிண்டர் ஹெட்) முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறது. காற்று முன்னாலிருந்து போகிறது, புகை பின்னால் வருகிறது. எயார் ஃபில்டர் வழக்கமாக இருக்கிற சீட்டுக்குக் கீழே இல்லை, ஹேண்டிலுக்குப் பின்னால் பெற்றோல் டேங்க் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. முறுக்கினால் எஞ்சின் மூச்சு இழுக்கிற சத்தம் நாடிக்குக் கீழேயே கேட்கிறது. எக்ஸ்ஆரில் காதை வைத்துக் கியர் மாற்றிப் பழகினவனுக்கு இது முழுக்கப் புது மொழி. இனிக் கியர் மாற்றவேணும் என்று தோன்றுகிற இடத்துக்குப் பிறகும் இந்த எஞ்சினுக்கு நிறைய ஓட்டம் மிச்சம் இருக்கிறது.

கிரவல் வளைவுகளில் எக்ஸ்ஆர் கியரைக் குறைத்தால் தானாகவே வேகம் இறங்கும், மெதுவாகப் போனாலும் நிற்காது. வைசெட் அப்படியில்லை. இறுக்கமான வளைவில் வேகம் விழுந்தால் பட்டென்று நின்றுவிடும். ஒரு விரலைக் கிளச்சில் வைத்தபடியே உள்ளே போய், பாதி பிடித்து, முறுக்கிக்கொண்டு வெளியே வரவேணும். சனிக்கிழமை பின்னேரம் முழுக்க ஒரே ஒரு வளைவைத்தான் சுற்றினேன். முழுத் தடத்தையும் ஓடியிருந்தால் சந்தோசமாக இருந்திருக்கும், ஆனால் கை பழகியிருக்காது.

ஞாயிறு காலை ஓடை மணல். அண்ணை பின் ஷொக்கின் கிளிக்கரை, அதாவது கிளிக் கிளிக்காகத் திருப்புகிற திருகைச் சற்று இறுக்கி, ஸ்பிரிங் மீள்கிற வேகத்தைக் குறைத்தார். மணல் மேடுகளில் பின்பக்கம் எத்தி எத்தி வந்தது அடங்கியது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், ஒவ்வொன்றையும் மச்சான் கொப்பியில் எழுதினான். மணலில் இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்காலால் பைக்கை இறுக்கி, அக்சிலேட்டரை விடாமல் பிடிக்கவேணும். விட்ட நொடியில் முன் சில்லு புதைந்து திரும்பிக்கொள்ளும். கையை இறுக்கினால் இன்னும் மோசம். தளர விட்டால் பைக் தன் பாதையைத் தானே எடுத்துக்கொள்கிறது. அந்த வளைந்து நெளிகிற உணர்வு பிடிபட்டதும் எனக்கு இறங்கவே மனம் வரவில்லை.

சூட்டைப் பற்றியும் சொல்லவேணும். ரேடியேற்றருக்கு ஃபேன் இல்லை, காற்று பட்டால்தான் தண்ணி ஆறும். எங்கள் வெயிலில் எஞ்சினை ஓடவிட்டு நின்று கதைத்தால் கொதித்து வெளியே துப்பும். நின்றால் ஓஃப், அவ்வளவுதான். எயார் ஃபில்டரையும் ஒவ்வொரு நாளும் கழட்டிப் பார்க்கவேணும். பொலித்தீன் பையில் ஒயில் தடவின இன்னொரு ஃபில்டர் கொண்டுபோயிருந்தோம். சனிக்கிழமை கழட்டினது செம்மண் நிறத்தில் இருந்தது, உட்பக்கம் சுத்தம்.

மத்தியானம் மரத்துக்குக் கீழே தேத்தண்ணியோடு ஸ்போக்ஸ் கம்பிகளைத் தட்டிப் பார்த்தோம். பின் சில்லில், ரயரை ரிம்மோடு பிடித்து வைக்கிற ரிம் லொக் பக்கத்தில் சில கம்பிகள் இளகியிருந்தன. ஸ்போக்ஸ் சாவியால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். செயின் ஓடுகிற பின் ஸ்பிரொக்கட்டில் இரண்டு பல் கூட்டினால் வளைவை விட்டு வெளியே வர இன்னும் சுகமாக இருக்கும் என்று மச்சான் சொல்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மலைநாட்டில் இருக்கிற தியத்தலாவைப் பக்கம் கொண்டுபோய் ஓடிப் பார்க்கும் வரை நான் அதில் கை வைக்கப் போவதில்லை. அங்கே மண்ணும் வேறு, ஏற்றமும் வேறு.