வண்டியோட குணம்

என் பைக்கை விற்ற ஒன்பதாம் நாள், அதை வாங்கிய தம்பி போன் செய்தான். "அண்ணே, காலைல சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுது. சோக்கை எடுத்தா உடனே ஆஃப் ஆயிடுது. உங்ககிட்ட இருந்தப்பவும் இப்படித்தானா?"

இப்படித்தான். ஆனால் அதை ஒரு கோளாறாக நான் நினைத்ததே கிடையாது. சோக்கைப் பாதியில் விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் திருகிப் பிடித்து இரண்டு நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். "வண்டியில ஒரு குறையும் இல்லப்பா" என்று நான் சொன்னது பொய் இல்லை. வண்டியோட குணம் அது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் பெட்டியோடு கிளம்பிப் போனேன்.

விற்பதற்கு முன்னால் மூன்று மாதம் வண்டி சும்மா நின்றது. அப்படி நிற்கும்போது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் கிடக்கும் பெட்ரோல் ஆவியாகி, வார்னிஷ் மாதிரி ஒரு பிசின் படியும். முதலில் அடைபடுவது பைலட் ஜெட் என்கிற பொடித் துளை போட்ட பித்தளைத் துண்டுதான். ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது பெட்ரோல் அது வழியாகத்தான் போகிறது. ஓட்டத்தில் மெயின் ஜெட் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ரோட்டில் நன்றாகப் போகிற வண்டி, சிக்னலில் நின்றதும் உயிரை விடுகிறது.

கழற்றுவதை அவனையே செய்யச் சொன்னேன். காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக முழுக்க உள்ளே முறுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணச் சொன்னேன். ஒன்றே முக்கால். அதைச் செல்போனில் குறித்துக்கொண்டான் (நான் அந்தக் காலத்தில் உள்ளங்கையில் எழுதி, அதைப் பெட்ரோலில் கழுவியவன்). ஜெட்டை வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் இருட்டு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை அது. ஊசி, கம்பி எதையும் விடக் கூடாது. பித்தளை, லேசாகச் சுரண்டினாலே துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, கரண்ட் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை நுழைத்தோம். மறுபடி வெயிலுக்குப் பிடித்தான். மணல் அளவில் ஒரு வெளிச்சப் புள்ளி. பையன் முகத்தைப் பார்க்கணுமே.

பூட்டி, ஒன்றே முக்கால் சுற்று வெளியே விட்டு, கிக்கரை மிதித்தான். சூடானதும் சோக்கை எடுத்தான். நிற்கவில்லை.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கக் கூடாது. தயங்கித் தயங்கிச் சொன்னான்: "முன் பிரேக்கை முதல் தடவை பிடிச்சா லீவர் ஆக்ஸிலரேட்டர்கிட்ட வரைக்கும் வருதுண்ணே. விட்டுட்டு இன்னொரு தடவை பிடிச்சாத்தான் நிக்குது. நேத்து ஒரு ஆட்டோ பின்னாடி..."

முழுதாகச் சொல்லவில்லை. எனக்கு வயிறு சில்லிட்டது. ஏனென்றால் என் விரல்கள் எப்போதுமே இரண்டு தடவைதான் பிடிக்கும். எப்போது அப்படிப் பழகினேன் என்றே ஞாபகம் இல்லை. கை கற்றுக்கொண்டுவிட்டது, எனக்குச் சொல்லவில்லை.

டிஸ்க் வளைந்திருந்தாலும் இப்படி வரும் என்பதால் முதலில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. அப்போ பிரேக் ஃப்ளூயிட் போகும் குழாயில் காற்று. பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும். நான் மாற்றவே இல்லை. மூடியைத் திறந்தால் சேற்றுத் தண்ணீர் நிறம். எந்த ஃப்ளூயிட் ஊற்றணும் என்று மூடியிலேயே இருந்தது: டாட் 4. புதுப் பாட்டில் வாங்கி வந்தோம்.

இது இரண்டு பேர் வேலை. அவன் லீவரை நாலைந்து முறை அடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டு "ம்" என்பான். சக்கரத்துப் பக்கம் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரில், ஃப்ளூயிட்டை வெளியே விடும் நிப்பிளை நான் கால் சுற்று திறப்பேன்; குழாயில் குமிழிகளோடு பழுப்பு வழிந்து வரும். நான் மூடி "விடு" என்று சொன்ன பிறகுதான் அவன் லீவரை விடணும். நடுவில் ஒருமுறை அவசரப்பட்டு விட்டுவிட்டான். காற்று உள்ளே ஏறி முதலிலிருந்து தொடங்கினோம். சொட்டு டேங்கில் பட்டால் பெயிண்ட் உரியும் என்று ஈரத்துணியைப் போர்த்தியிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் குழாயில் தெளிவாக வந்தது. லீவர் முதல் பிடியிலேயே கல் மாதிரி நின்றது.

செயினையும் பார்த்தேன். ஓரிடத்தில் தொய்வு இருபது மில்லிமீட்டர், சக்கரத்தைப் பாதி சுற்றினால் நாற்பதைத் தாண்டுகிறது. இதை டைட் பண்ணிப் பிரயோஜனம் இல்லை, ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாகத்தான் மாற்றணும். பாதிச் செலவு என்னுடையது என்றேன். பின் டயரில் பட்டன் நன்றாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 1415 என்று இருந்தது. 2015-இன் பதினான்காவது வாரம். பழசாகி இறுகிப்போன ரப்பர் நகத்துக்கு அழுந்தவில்லை. அதை அவன் பார்த்ததுகூட இல்லை, நானாகச் சொன்னேன்.

இனி எது வித்தியாசமாகத் தோன்றினாலும் குறித்து வைத்து அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராத்திரி பத்தரைக்கு மெசேஜ்: "அண்ணே, ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினாத்தான் ஹாரன் அடிக்குது."

தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும்.